வேலிக்கு மட்டும் என்று கொடுத்த மரம்

எங்கள் சொந்தத்தில் எனக்கு ஒலிபெருக்கி என்று பேர். என் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பதில் தெருக்கோடி வரை கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும். யார் யாருக்கு எந்த வழியில் உறவு, யார் எதற்காக யாரோடு பேச்சை நிறுத்தினார்கள், எந்தக் குழந்தையின் மூக்கு எந்தத் தாத்தாவிடமிருந்து வந்தது, எல்லாம் என் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு மட்டும் அங்கே தங்கவில்லை. இடம் இருந்தால்தானே தங்கும்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை, ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க மென்றேன். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எல்லாம் என் தம்பிக்காக.

தம்பிக்குச் சொந்தத்தில், அவன் காதில் விழாமல், பீப்பா என்று பேர். ஆள் என்னவோ கம்பம் மாதிரி நெட்டையாக, சதையே இல்லாமல் இருப்பான். உடம்பிலிருந்து வரும் வாசம்தான், அவன் வேலை பார்க்கிற கிடங்கின் எண்ணெய்ப் பீப்பாயுடையது. அம்மா போனபோது அவன் இடுப்புக் குழந்தை. நான்தான் தூக்கி வளர்த்தேன். வீட்டில் இருந்த பேச்சையெல்லாம் நானே பேசித் தீர்த்துவிட்டதால் அவனுக்கு மிச்சம் கொஞ்சம்தான் கிடைத்தது. கேட்டால் சொல்வான், கேட்காவிட்டால் சிரிப்பான். கோபம் வந்தால் எழுந்து வெளியே போய் நிற்பான், அவ்வளவுதான்.

அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். அம்மாவின் பெரியம்மா மகனுடைய மாப்பிள்ளை அங்கே மேற்பார்வை பார்த்தார். இதெல்லாம் ஒரு உறவா என்று கேட்பீர்கள். நான் அவர் வாசலில் நின்று உறவு சொல்ல ஆரம்பித்தேன். பாதி வழி வருவதற்குள் அவர், “போதும்மா, பையனை நாளைக்கு அனுப்பு” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மின்கம்பம், வேலிக்கால், தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டை எல்லாவற்றுக்கும் தார் எண்ணெய் ஏற்றுகிற கிடங்கு அது. நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் எண்ணெய். பீப்பாயின் மேல் கிரியோசோட் என்று எழுதியிருக்குமாம். அந்தச் சொல் எங்கள் யார் வாயிலும் நுழையாது, தார் எண்ணெய் என்றால் தீர்ந்தது. பட்டை சீவிக் காயவைத்த மரங்களைச் சின்னத் தள்ளுவண்டியில் ஏற்றி, ரயில் பெட்டி நீளத்துக்கு இருக்கும் இரும்பு உருளைக்குள் தள்ளி, கதவைத் திருகி மூடுவார்கள். கொதிக்கக் கொதிக்க எண்ணெயை உள்ளே விட்டு அழுத்தம் கொடுப்பார்கள். வெள்ளையாகப் போன மரம் கறுப்பாகப் புகைந்துகொண்டு வெளியே வரும். அதன் பிறகு மழை, மண், கரையான், பூஞ்சை எதுவும் அதைத் தொடாது. தொட்டால் தொட்டதுதான் சாகும்.

தம்பியின் வேலை, ஏறின எண்ணெய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பது. உள்ளே குழலாக இருக்கும் துளைக்கருவியைக் கம்பத்தில் திருகுவான். பென்சில் கனத்துக்கு ஒரு மரத்துண்டு வெளியே வரும். அதில் கறுப்பு எதுவரை இருக்கிறதென்று பார்த்துவிட்டு, துளையை அடைக்க எண்ணெய் குடித்த மரமுளை ஒன்றை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அடுத்த கம்பம். காலமெல்லாம் இதுதான். சட்டைப்பை முழுக்க முளைகள். அவன் பெண்டாட்டி துணி துவைக்கும்போது வாளிக்கடியில் அவை கூழாங்கல் மாதிரி கிடக்கும்.

இதனால் அவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த மரத்தைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பான். அப்பாவின் சித்தப்பா மகள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மேஜையைத் தட்டி, “இது இன்னும் கொஞ்ச நாளுதான் அத்தை” என்றான். அந்த அத்தை என்னவோ தனக்கே நாள் குறித்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் வீட்டுக்கு வந்தபோதும் வாசல் நிலையைத் தட்டிப் பார்த்தான்.

“அக்கா, இது உள்ள காலி.”

“உன் தலைதான் காலி. உங்க அத்தான் ஆசையா வாங்கிப் போட்ட நிலைடா இது.”

“அத்தான் வாங்கினது சரிதான்கா. கரையான் வித்துடுச்சு.”

வாயை மூடிக்கொண்டு போடா என்று விரட்டினேன். கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே அந்த நிலையில் சாய்ந்தேன். சுவாரசியமான விஷயம், அதனால் கொஞ்சம் அழுத்தியே சாய்ந்தேன். நிலை, கதவு, மேல்சட்டம், நான் எல்லாரும் சேர்ந்து தெருவில் விழுந்தோம். உள்ளே மரம் என்று எதுவுமே இல்லை. பெயிண்டுதான் இத்தனை நாள் கதவாக நின்றிருக்கிறது. பாதியைக் கரையான் தின்றது, மீதியை நான் முடித்து வைத்தேன். விட்டத்தைப் பார்த்தால் அதுவும் அதே கதி. கீழே கிடந்தபடியே பக்கத்து வீட்டுக்காரியிடம் விஷயத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன் என்று பின்னால் சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். அது பொய். எழுந்த பிறகுதான் முடித்தேன்.

என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை. வீடு போனால் நான் போக இடம் இரண்டு. ஒன்று, வெளியூரில் இருந்த நாத்தனார் வீடு. என் வீட்டுக்காரருடைய அக்கா அவள். நல்ல மனுஷி, கெட்டிக்காரி, ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அவள் ஒலிபெருக்கி. ஒரு வீட்டில் இரண்டு ஒலிபெருக்கி கட்டினால் ஒன்றுக்கொன்று கீச்சிடும், உங்களுக்கே தெரியும். இன்னொன்று தம்பி வீடு. அவனும் அவன் பெண்டாட்டியும் இருக்க ஒரே அறை, ஒரு சமையலறை, பின்னால் வெறும் இடம்.

தம்பி யோசிக்கவே இல்லை. “பின்னாடி உனக்கு ஒரு ரூம் போடறேன். இந்த ஜென்மத்துல கரையான் எட்டிப் பாக்காது” என்றான்.

கிடங்கில் சாய்ந்த கம்பம், முறிந்த கம்பம் எல்லாம் திரும்பி வந்து குவியும். பல வருஷம் வெயிலில் நின்றவை. அவற்றை வேலைக்காரர்கள் எடுத்துப்போகலாம். ஆனால் ஒவ்வொன்றின் மேலும் ‘வேலிக்கு மட்டும்’ என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதித்தான் தருவார்கள். தம்பிக்கு அதில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. என்னைக் கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

“வேலிக்கு மட்டும்னு போட்டிருக்குக்கா.”

“வேலின்னா என்னடா? சுத்தி நிக்கறது. சுவரும் அதைத்தானே பண்ணுது?” என்றேன் நான்.

என் சட்ட அறிவு அவனுக்குப் பிடித்துவிட்டது. இருந்தாலும் பொறுப்பானவன், வாசம் அடிக்குமோ என்று சோதித்துப் பார்க்காமல் வைக்க மாட்டான். கம்பங்களைப் பலகையாக அறுத்ததும் ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்து முகர்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. தன் மூக்கு மட்டும் போதாது என்று கிடங்குக்காரர்களைக் கூப்பிட்டான். கொதிகலன்காரர் வந்தார், தள்ளுவண்டிக்காரர் வந்தார், பீப்பாய் உருட்டுகிறவர் வந்தார். ஒவ்வொருவரும் பலகையில் முகத்தை வைத்து ஆழமாக மூச்சு இழுத்தார்கள்.

“ஒண்ணுமே இல்லியேப்பா.”

“வெயில்ல நின்ன மரம்ல, எல்லாம் போயிருச்சு.”

“லேசா மரவாசனை வருது, அவ்வளவுதான்.”

வாழ்நாள் முழுக்க அந்த எண்ணெய்க்குள்ளேயே நின்ற மூக்குகள். குருடர்கள் கூடி நிறம் பார்த்த கதைதான். ஆனால் நான்கு பெரிய மனுஷர்கள் சொன்னால் அது தீர்ப்பு. தம்பி அறையைக் கட்டினான். சுவர், கூரைப் பலகை, அலமாரி, கட்டில் எல்லாமே அந்த மரம். லீவு நாளெல்லாம் அதில்தான் போட்டான். என்னைப் பக்கத்தில் விடவில்லை, முடித்துவிட்டுக் காட்டுவேன் என்றுவிட்டான்.

மழை விட்டுக் குளிர் தொடங்கின நேரம், கதவைத் திறந்து, “வாக்கா” என்றான்.

உள்ளே கால் வைத்தேன். புதுசாகத் தார் போட்ட ரோடு, அணைத்த அடுப்பு, காலாவதியான இருமல் மருந்து மூன்றும் எனக்கு முன்பே அங்கே குடிவந்திருந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தம்பி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டான். “அழாதக்கா” என்று அவனுக்கும் கண் கலங்கியது. “எப்படி இருக்கு?”

வாயைத் திறந்தேன். நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது, அதுபாட்டுக்கு வரும். ஆனால் அன்றைக்கு அவன் கைகளைப் பார்த்துத் தொலைத்தேன். விரலெல்லாம் சிராய்ப்பு. கட்டிலின் கால் ஒவ்வொன்றிலும் அழகாக ஒரு முளை அடித்து வைத்திருந்தான், தேவையே இல்லாமல், என் கட்டில் என்பதற்காக.

“அரண்மனைடா” என்றேன்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எலும்பு நடுங்கும் குளிரில் ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன். ஏன் என்று தம்பி கேட்டால் இந்த வயதில் காற்று வேண்டும் என்றேன். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், தெருவில் போகிறவர்களைப் பார்த்தால்தான் ஜீரணமாகிறது என்றேன். இது பாதி உண்மை என்பதால் நம்பிவிட்டான். டீயில் தார், ரொட்டியில் தார், வெறும் தண்ணீரில்கூடத் தார். மூக்குக்குக் கீழே சோப்பைத் தடவிக்கொண்டு படுத்தேன். தும்மித் தும்மி முகம் வீங்கினதுதான் மிச்சம். கடையில் எனக்குப் பின்னால் நிற்கிறவர்கள் ஒரு அடி தள்ளியே நிற்பார்கள். கடைக்காரப் பெண் வெளியே எட்டிப் பார்த்து, “பக்கத்துல எங்கயாவது ரோடு போடறாங்களா?” என்று என்னையே கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது, ரோடே நான்தான் என்றா?

உண்மையைச் சொன்னால் தம்பியின் அறை போகும், அவன் முகம் போகும். சொல்லாவிட்டால் என் மூச்சு போகும். இதற்கு நடுவில் நான்.

ஒரு நாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம், நானும் தம்பி பெண்டாட்டியும். அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சத்தமே போடாத பெண். நான் பேசும்போது வேலை பார்ப்பாள், நான் நிறுத்தினால் நிமிர்ந்து பார்ப்பாள். என் சால்வையை விரிக்கும்போது அவளையறியாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏம்மா, உனக்கு வருதா?”

அவள் கையில் பிடித்த துணியோடு என் பக்கம் நகர்ந்தாள். பிறகு ரகசியமாக, “உங்களுக்கும் வருதாக்கா?” என்றாள்.

“வருதாவா? உயிரு போகுதுடி!”

“மெதுவாக்கா, மெதுவா.”

கொடிக்குப் பின்னால் இரண்டு பேரும் குனிந்துகொண்டு, பூனைக்குப் பயந்த எலிகள் மாதிரி பேசினோம். கல்யாணமான மறுநாள் அவன் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றே கேட்டானாம்: என்மேல நாத்தம் வருதா?

“பாவமா நின்னாருக்கா. இல்லன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எந்த நாள் பாத்து ஆமான்னு சொல்றது?”

இருபது வருஷத்துக்கு மேலாக! நான் ஒரு குளிர்காலத்துக்கே என்னைத் தியாகி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் முன்னால் நான் எந்த மூலைக்கு.

“எனக்குப் பழகிடுச்சு” என்றாள் அவள். “அவருகிட்ட அது இருக்கும், அவ்வளவுதான். ஆனா அந்த ரூமு... நான் பெருக்க வரும்போதெல்லாம் மூச்சை அடக்கிட்டுத்தான்கா வருவேன்.”

அப்போதுதான் அவள் என் அறையை மட்டும் ஏன் அத்தனை வேகமாகப் பெருக்குகிறாள் என்று புரிந்தது. சோம்பேறி என்று சொந்தத்தில் நான்கு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

வெயில் காலம் வந்தது. தார் எண்ணெய் குடித்த மரம் சூடேறினால் வியர்க்கும். உள்ளே போனதெல்லாம் கறுப்புக் கறுப்பு முத்தாக வெளியே வரும். கம்பத்தில் வந்தால் காக்கைக்குத்தான் கஷ்டம். எனக்கோ கூரையே வியர்த்தது. ஒரு மத்தியானம் மல்லாந்து படுத்திருந்தேன், நெற்றியில் சொட்டென்று ஒன்று விழுந்தது. துடைத்தால் இழுகியது, தோல் எரிந்தது. தம்பி ஓடி வந்து தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவிவிட்டான். கழுவிக்கொண்டே மேலே பார்த்தான்.

“இத்தனை வருஷம் கழிச்சும் எப்படி வருது பாத்தியா அக்கா! எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு!”

என் நெற்றி பற்றி எரிகிறது, அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரம் பார்த்துத்தான் நாத்தனார் வந்து இறங்கினாள். என் நிலைமையைப் பார்த்து, சரியில்லை என்றால் கையோடு கூட்டிப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். என் அறைக்குள் ஒரு கால் வைத்தாள். அந்தக் காலை அப்படியே பின்னால் எடுத்தாள்.

“என்ன கருமம்டி இது? பொணம் கிணம் எரிச்சீங்களா?”

“என்ன அண்ணி? ஒண்ணும் இல்லியே” என்றேன்.

“ஒண்ணும் இல்லியா? கண்ணு எரியுது எனக்கு! இதுலயா படுக்கற?”

“நல்லாத்தான் இருக்கு. உங்க மூக்குக்கு எப்பவுமே எதுவும் பிடிக்காது. என் கல்யாணத்துலயே பூ வாசனை பிடிக்கலன்னு எழுந்து போனவங்கதானே நீங்க.”

“பூ வாசனையும் இதுவும் ஒண்ணாடி? பெட்டியைக் கட்டு. என் தம்பி இருந்திருந்தா உன்னை இப்படி விட்டிருப்பானா?”

“என் தம்பி கட்டின ரூம் இது! ஒரு சொல்லு சொன்னீங்க, நடக்கிறதே வேற. எனக்கு ஒரு நாத்தமும் இல்ல. வாசனை! வாசனையா இருக்கு!”

கத்திக்கொண்டே திரும்பினால் வாசலில் தம்பி. நாத்தனாருக்கு டீ எடுத்து வந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி. முகத்தில் ஈ ஆடவில்லை இரண்டு பேருக்கும்.

டீயைக் கீழே வைத்தான். சுவரில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தான். தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“அக்கா. நிஜமா சொல்லு. நாறுதா?”

எத்தனையோ விஷயத்தை ஊரைக் கூட்டிச் சொன்னவள் நான். அன்றைக்குச் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“நாறுதுடா தம்பி.”

அவன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். “உனக்கு?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, “நீங்க ஒரு தடவைதான் கேட்டீங்க. மறுபடி கேக்கவே இல்ல” என்றாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அறை மட்டும் இல்லை என்று புரிந்துவிட்டது. நாத்தனாருக்கே என்னவோ போல ஆகி, “நான் மரத்தைத்தான் சொன்னேன் தம்பி” என்றாள். அவன் சிரித்துத் தலையாட்டிவிட்டு வெளியே போய் நின்றான்.

மறுநாளே பலகைகளைப் பிரிக்க ஆரம்பித்தான். கொதிகலன்காரரும் மற்றவர்களும் உதவிக்கு வந்தார்கள். பிரித்த பலகையை ஒவ்வொருவரும் மறுபடி முகர்ந்து பார்த்து, “எங்களுக்கு ஒண்ணும் தெரியலியேம்மா” என்று நியாயம் பேசினார்கள். “உங்க மூக்கைக் கழட்டிக் கொடுங்க, நான் அதுக்கும் ஒரு முளை அடிக்கிறேன்” என்று கத்தினேன். பழைய குரல் வந்துவிட்டதில் எனக்கே சந்தோஷம். சாதா மரம் வந்து உள்ளே ஏறியது. கட்டில் புதுசு, கூரை புதுசு. தார்ப் பலகையெல்லாம் மனையைச் சுற்றி நட்டான். சுண்ணாம்புக் கட்டியில் எழுதின எழுத்துக்கு மரியாதை கிடைத்தது, வேலி ஆனது.

அறை அருமையாக இருந்தது. டீயில் டீ மணத்தது. நாத்தனார் கிளம்பாமல் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள், நான் கடைசியில் மனசு மாறி வருவேன் என்று.

ஆனால் தம்பி வரவில்லை. அதாவது வீட்டில்தான் இருந்தான், பக்கத்தில் வரவில்லை. வேலையிலிருந்து வந்ததும் குளிப்பான், பிறகு மறுபடி குளிப்பான். முழங்கையெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருக்கும். முன்பெல்லாம் நேரே வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் யாருடைய கதை என்று கேட்பான். இப்போது வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டு, “வரலாமாக்கா?” என்றான். வாடா என்றால், “இல்ல, சும்மாதான்” என்று போய்விடுவான். அவன் பெண்டாட்டி பக்கத்தில் தட்டை வைத்தால் எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனான். எனக்கு நல்ல காற்று கிடைத்தது, பேச ஆள் போய்விட்டது. ஒரு நல்ல அறைக்காக என் தம்பியையே வெளியே அனுப்பிவிட்டேன்.

“பாரு, அவனுக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம்” என்றாள் நாத்தனார். “நாளைக்குக் காலையில வண்டிக்குச் சொல்லிடறேன். என்னோட வந்துடு, அவன் பாட்டுக்கு இருக்கட்டும்.”

 ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லீவு நாள், உச்சிவெயில். தம்பி வேலியில் சாய்ந்து தரையில் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான், ஊரை விட்டுத் தள்ளிவைத்த ஆள் மாதிரி. வேலிப் பலகையெல்லாம் வெயிலுக்குப் பளபளவென்று வியர்த்துக்கொண்டிருந்தது.

என் வெளிர்ச் சால்வையைப் போர்த்திக்கொண்டேன். வெயிலில் சால்வை எதற்கு என்று நாத்தனார் கேட்டாள். போனேன். நான் தரையில் உட்காருவது அவ்வளவு லேசான காரியம் இல்லை. ஒரு கையைத் தம்பி தலையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மற்றதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொப்பென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வேலியில் சாய்ந்தேன்.

“அக்கா! சாயாத, சாயாத! மரம் வேர்த்திருக்கு!”

“தெரியும். கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு.”

“சால்வை போச்சுக்கா!”

“போகட்டும். நீ எங்க சாயறியோ அங்கதான் நானும் சாய்வேன்.”

“நாறும்கா.”

“நாறட்டும்டா. மரம் நாறினா என்னால படுக்க முடியாது, சொல்லிட்டேன், நீயும் பிரிச்சுட்ட. நீ நாறினா எனக்கு என்ன? உனக்கு மூத்திரத் துணி மாத்தினவ நான். அப்ப எனக்கு மூக்கு இல்லன்னு நினைச்சியா?”

அவன் டீயைத் தரையில் கொட்டிவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. “அவ இத்தனை வருஷம்...” என்று ஆரம்பித்தான்.

“அவகிட்டப் போய்க் கேளு. நீ இன்னொரு தடவை கேக்கணும்னுதான் காத்துட்டிருக்கா.”

சமையலறை வாசலில் அவன் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருக்கும். நான் பேசினால் யாருக்குத்தான் கேட்காது. அவள் வந்து அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். சாயவில்லை, அவள் விவரமானவள். ஆனால் ஒட்டி உட்கார்ந்தாள்.

“நாத்தம்தான்” என்று அவனிடம் சொன்னாள். “இருபது வருஷமா நாத்தம்தான். சாயங்காலம் அது வரலன்னா வாசலை வாசலைப் பாத்துட்டே இருப்பேன்.”

எழுந்திருக்கப் பார்த்தால் என்னால் முடியவில்லை. சால்வை பலகையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள். சரக்கென்று சத்தத்தோடு வேலி என்னை விட்டது. உள்ளே வந்து அவளைத் தாண்டிப் போனதும் பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

“அடிப்பாவி! முதுகெல்லாம் வரிக்குதிரை மாதிரி!”

“இதோடதான் உங்க வீட்டுக்கு வருவேன் அண்ணி. சம்மதம்னா வண்டிக்குச் சொல்லுங்க.”

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் வண்டி வந்தது, அவள் மட்டும் போனாள். போகும்போது தம்பியின் கையைப் பிடித்து எதுவோ சொன்னாள். அவள் மெதுவாகப் பேசி நான் பார்த்தது அப்போதுதான். என்ன சொன்னாள் என்று அவனை நச்சரித்துக் கேட்டும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன், ஒரு தடவைதான் குளித்தான். கேட்காமல் என் அறைக்குள் வந்தான், கட்டிலில் உட்கார்ந்தான், சட்டைப்பையிலிருந்த முளைகளை எடுத்து ஓரமாக வைத்தான். பழைய வாசம் லேசாக வந்தது. சுவரை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டான்.

“சாதா மரம்கா. என்னைக்காவது கரையான் வரும்.”

“வரட்டும். வந்தா உன்னைக் கூப்பிடறேன், கிடங்கு வரைக்கும் கேக்கும்” என்றேன்.

“கேக்கும்” என்றான் தம்பி. “சரி, இன்னைக்கு யாரு கதை?”